46 வயதில் சொந்தப் பத்திரிகை... 'வாடிவாசல்' சி.சு.செல்லப்பா எடுத்த ரிஸ்க்!

'வாடிவாசல்' என்றதும் இன்று பலருக்கும் வெற்றிமாறன் - சூர்யா பட அறிவிப்புதான் ஞாபகம் வரும். அந்தக் கதையை எழுதியவரோ கெங்குவார்பட்டிப் பக்கத்து மனிதர்.

கெங்குவார்பட்டியில் கிழக்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வத்தலக்குண்டு வந்துவிடும். 1912 செப்டம்பர் 29-ல் செல்லப்பா பிறந்தது அங்கேதான். பெயருக்கு முன்னால் நிற்கும் 'சி', கம்பம் பள்ளத்தாக்கின் சின்னமனூர். சுதந்திரப் போராட்டத்தில் ஜெயிலுக்குப் போனார். பிறகு 'தினமணி கதிர்' இதழில் வேலை பார்த்தார்.

1950-களின் கடைசியில் நாட்டில் அந்நியச் செலாவணி நெருக்கடி, உணவுத் தட்டுப்பாடு. மாதச் சம்பளம் இருந்தால் போதும் என்று நினைக்கிற காலம். வயதும் 46 ஆகிவிட்டது. அப்போதுதான், 1959 ஜனவரியில், 'எழுத்து' இதழைத் தொடங்கினார். அதுவும் எதற்கு? விமர்சனத்துக்கும் புதுக்கவிதைக்கும்! கல்லா நிறைகிற சரக்கா அது?

கூட்டம் சேரவில்லை. ஆனாலும் தொடர்கதை, சினிமா என்று இறங்கி வரவில்லை. புத்தகங்களைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். பிழைப்புக்குப் பொம்மை செய்து விற்றதும் உண்டு. 1962-ல் வந்த 'புதுக்குரல்கள்' தொகுப்பு இந்தக் கஷ்டத்துக்கு நடுவே வந்ததுதான்.

1970-ல் 'எழுத்து' நின்றது. மொத்தம் 119 இதழ்கள்.

இதழ் நின்றாலும் அவர் ஓய்வு பெறவில்லை. எண்பது வயதைத் தாண்டி, 'சுதந்திர தாகம்' என்ற 3 பாக நாவலை வெளியிட்டார். 1998 டிசம்பர் 18-ல் காலமானார். அந்த நாவலுக்கு சாகித்ய அகாடமி விருது கிடைத்தது 2001-ல்.