ஹாஷிமோட்டோ என்னும் கிராமத்து மருத்துவர்

மேலப்பாளையத்திலிருந்து வரும் எங்கள் தோழி ஒருத்தியின் உம்மா, பீடி சுற்றி மூன்று பிள்ளைகளைப் படிக்க வைப்பவர். சில மாதங்களாக ஓயாத சோர்வு, உடல் பருமன், முடி உதிர்தல். சோம்பல் என்றனர் சுற்றத்தார். இரத்தப் பரிசோதனைத் தாளில் தைராய்டு எதிர்ப்பொருளின் அளவு பல நூறு என்று கண்டதும், புற்றுநோயோ என அஞ்சித் தாளை ஒளித்து வைத்தார். அவ்வச்சம் நீங்க, அந்நோய்க்குப் பெயர் தந்தவரின் வரலாற்றை நாம் அறிவோம்.

ஹகாரு ஹாஷிமோட்டோ 1881-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள், ஜப்பானின் இகா பகுதியில் மருத்துவக் குடும்பத்தில் பிறந்தார். ஃபுகுவோகாவில் பயின்று 1907-இல் பட்டம் பெற்றார். அங்கு, கழுத்து வீங்கிய நான்கு பெண்களிடமிருந்து அறுவையில் அகற்றிய தைராய்டுச் சுரப்பிகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். கிருமிகளை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் அவற்றில் நிறைந்திருக்கக் கண்டு, 1912-இல் ஜெர்மன் மொழியில் கட்டுரை வெளியிட்டார்.

மேற்படிப்புக்காக ஜெர்மனி சென்றவரை முதல் உலகப் போர் திருப்பி அனுப்பியது. 1916-இல் சொந்த ஊரில் குடும்ப மருத்துவமனையை ஏற்றார். நோயாளிகளின் இல்லம் தேடிச் சென்றார். ஏழைகளிடம் மிகுந்த கட்டணம் கேளார். 1934 ஜனவரி 9-இல் டைபாய்டு காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று. தாம் கண்டதன் காரணம் அவர் வாழ்நாளில் விளங்கவில்லை.

1956-இல் லண்டனில் டெபோரா டோனியாக் என்ற பெண் மருத்துவரும் ஐவன் ராய்ட்டும் மற்றவர்களும் அதனைக் கண்டனர். உடலின் காவற்படையே தன் சுரப்பியைப் பகையென எண்ணித் தாக்குகிறது. அதற்குரிய எதிர்ப்பொருள்கள் இரத்தத்தில் உள்ளன. டோனியாக் பிறந்ததும் அதே 1912-இல்தான்!

எதிர்ப்பொருள் இருப்பது காரணத்தைக் காட்டுமேயன்றி, சுரப்பியின் வேலை குறைந்ததா என்பதைக் காட்டாது. அதனைக் காட்டுவன டி.எஸ்.எச்., டி4 அளவுகளே. எதிர்ப்பொருள் மிகுந்தும் பல்லாண்டு நலமாயிருப்போர் உண்டு. அவர்களுக்கு அவ்வப்போது டி.எஸ்.எச். பார்த்துவந்தால் போதும். அந்த எண் பெரிதாயிருப்பதால் நோய் கொடிதென்பதில்லை. அது புற்றுநோயின் அடையாளமுமன்று. தூத்துக்குடி அயோடின் உப்பைக் கூடுதலாக உண்பதாலும் இது தீராது. சுரப்பு குறைந்தால், மருத்துவர் சொல்லும் அளவில் தைராக்சின் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் உண்ண வேண்டும்.

எங்கள் அறிவியல் சிஸ்டர் இதனை விளக்கியபின், தோழி தன் உம்மாவை மருத்துவரிடம் அழைத்துச் சென்றாள். டி.எஸ்.எச். மிகுந்திருந்தது, மாத்திரை தொடங்கிற்று. இன்று அவர் முகத்தில் பழைய களை திரும்பியிருக்கிறது.

அன்புத் தோழியரே, சோர்ந்த தாயைச் சோம்பேறி என்று சொல்லுமுன் ஒரு கணம் நின்று பார்ப்போம். நான்கு பெண்களின் நோயை ஹாஷிமோட்டோ பொறுமையோடு பார்த்தார். அதனால் இன்று எத்தனையோ தாய்மார் நலம் பெறுகின்றனர்.