ஓரியூரில் சிந்திய ரத்தம்

போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரில் 1647-ல் பிறந்தவர் ஜான் டி பிரிட்டோ. இளவரசருடன் அரண்மனையில் வளர்ந்தவர். அந்தச் சுகத்தைத் துறந்து பாதிரியாரானார். 1673-ல் இந்தியா வந்து, மதுரை மிஷனில் சேர்ந்தார். காவி உடுத்தார், மாமிசம் தொடவில்லை. ஜனங்கள் அவரை அருளானந்தர் என்றனர்.

1686-ல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். இனி அங்கே போதிக்கக்கூடாது என்று உத்தரவு!

ஐரோப்பா சென்றார். தங்கிவிடும்படி போர்ச்சுகல் மன்னரே வேண்டினார். அவரோ 1690-ல் ஆபத்துள்ள இடத்துக்கே திரும்பினார்.

தடியத்தேவர் கிறிஸ்தவரானார், ஒரு மனைவியை மட்டும் வைத்துக்கொண்டார். விலக்கப்பட்ட ஒருத்தி சேதுபதி மன்னரின் உறவுக்காரி. அரண்மனையில் முறையிட்டாள். 1693 பிப்ரவரி 4-ல் ஓரியூரில் அருளானந்தரின் தலை வெட்டப்பட்டது.

1947-ல் அவர் புனிதரானார். ஓரியூரின் சிவந்த மண்ணைப் பக்தர்கள் இன்றும் எடுத்துச் செல்கிறார்கள்.