சினிமாவில் வாலு... நிஜத்தில் வைத்தியர்!

குட்டீஸ்... ஜாக்கிசான் படம் என்றால் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்தானே? அவர் அடி வாங்கினாலும் சிரிப்பு; அடி கொடுத்தாலும் சிரிப்பு!

அவர் நடித்து, 1978ல் வெளியான படம், 'டிரங்கன் மாஸ்டர்!' அதில் வரும் பையன் சரியான வாலு. பயிற்சி என்றால் டிமிக்கி கொடுப்பான். வம்பை விலைக்கு வாங்குவான். பொறுமை இழந்த அப்பா, ஒரு முரட்டு வாத்தியாரிடம் அவனை ஒப்படைக்கிறார். அவரிடம் படாதபாடு பட்டு, தள்ளாடிக் கொண்டே சண்டை போடும் விசித்திரக் குங்பூவைக் கற்கிறான். கடைசியில், அப்பாவைக் கொல்ல வந்தவனையே தோற்கடிக்கிறான்!

அந்தப் பையனின் பெயர், வோங் பெய்-ஹங். இது கற்பனைப் பெயர் இல்லை குட்டீஸ்... சீனாவில் நிஜமாகவே வாழ்ந்த ஒரு குங்பூ வீரரின் பெயர்! ஆனால், நிஜ வோங்கின் சிறு வயது அத்தனை ஜாலியாக இருக்கவில்லை.

தெற்குச் சீனாவில், குவாங்டாங் மாகாணத்தில், 1847ல் பிறந்தார் வோங். இவரது தந்தை வோங் கேய்-யிங், 'கான்டனின் பத்துப் புலிகள்' என்று போற்றப்பட்ட பத்து வீரர்களில் ஒருவர். புகழ் இருந்தது, பணம்தான் இல்லை. தெருவில் குங்பூ வித்தை காட்டி, கூடும் கூட்டத்திடம் மூலிகை மருந்து விற்றுத்தான் பிழைப்பு நடந்தது. சிறுவன் வோங்கும் அப்பாவுடன் ஊர் ஊராகப் போய் வித்தை காட்டினார்.

அப்பாவிடம் இவர் கற்றது சண்டையை மட்டுமல்ல, வைத்தியத்தையும்தான். குங்பூ பழகினால் சுளுக்கும், எலும்பு முறிவும் சகஜம் ஆயிற்றே! அதனால், அந்தக் கால வாத்தியார்கள் பலர் வைத்தியமும் அறிந்திருந்தனர்.

வளர்ந்ததும், கான்டன் என்று அழைக்கப்பட்ட குவாங்சோ நகரில், 'போ சி லாம்' என்ற வைத்தியசாலையை நடத்தினார். சிங்க நடனத்திலும் கெட்டிக்காரர். கண்ணுக்கே தெரியாத வேகத்தில் உதைப்பார் என்பதால், அவரது உதைக்கு, 'நிழலில்லா உதை' என்று பெயர்! ஆனால், அவரைத் தேடி வந்தவர்களில் பலர் அடிபட்டு, வலியோடு வந்தவர்கள்.

1924ல் குவாங்சோவில் பெரும் கலவரம் மூண்டது. அந்தத் தீயில், வைத்தியசாலை எரிந்து சாம்பலானது. வாழ்நாள் உழைப்பு ஒரே நாளில் போயிற்று. மனமுடைந்து நோயில் விழுந்த வோங், 1925ல், வறுமையிலேயே இறந்தார்.

கதை அத்தோடு முடியவில்லை. கற்றுக் கொடுத்த வித்தையைத் தீ எரிக்க முடியுமா? அவரது மனைவி மோக் க்வாய்-லான், ஹாங்காங்கில் மாணவர்களுக்குக் குங்பூ கற்றுக் கொடுத்தார். சீடர் லாம் சாய்-விங், குருவின் பயிற்சி முறைகளைப் புத்தகங்களாக்கினார். 1949 முதல் வோங்கைப் பற்றிய திரைப்படங்கள் ஹாங்காங்கில் வரிசையாக வந்தன. அவற்றில் பலவற்றில், க்வான் டாக்-ஹிங் என்ற நடிகர், வோங்கை மதிப்புக்குரிய பெரியவராகக் காட்டினார். அந்தப் பெரியவரைத்தான் ஜாக்கிசான் குறும்புக்காரப் பையனாக்கி, எல்லாரையும் சிரிக்க வைத்தார்!

அடுத்த முறை அந்தப் படத்தைப் பார்த்தால், நன்றாகச் சிரியுங்கள் குட்டீஸ். கூடவே, தெருவில் வித்தை காட்டி வளர்ந்து, அடிபட்டவர்களுக்குக் கட்டுப் போட்ட நிஜ வோங்கையும் நினைத்துக் கொள்ளுங்கள். அடிக்கத் தெரிந்தவரை விட, ஆற்றத் தெரிந்தவர்தானே பெரிய வீரர்!