கணினிக்குள் கைகாட்டி மரம் நட்டவர்: எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா

சிறுபோகத்தில் வாய்க்கால் தண்ணீர் குறைந்துவிட்டால் வரிப்பத்தான்சேனைப் பக்கத்து வயல்களில் எல்லோரும் தேடும் ஆள் வட்டவிதானைதான். வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல. இன்று யாருக்கு, எத்தனை மணிநேரம், அடுத்தது யார் என்று முறை வைத்துத் திருப்பிவிடுவது அவர் பொறுப்பு. மேலே உள்ளவர் இரவோடு இரவாக வாய்க்காலை வெட்டிவிட்டால் கடைசி வயல்காரரின் பயிர் கருகும்.

நம் கையிலிருக்கும் போனுக்குள்ளும் இப்படியொரு வட்டவிதானை இருக்கிறார். இயங்குதளம் என்பது அவர் பெயர். இன்றைய போன்கள் பலவற்றில் கணக்குப் போடும் மூளை எட்டு. அவற்றைக் கோர் என்கிறார்கள். ஓட வேண்டிய வேலைகளோ நூற்றுக்கணக்கில் இருக்கும். வட்ஸ்அப் செய்தி, பாட்டு, படம் இறக்கம் என ஒவ்வொன்றும் பல இழைகளாகப் பிரிந்து முறைக்குக் காத்திருக்கும். ஒவ்வொரு இழைக்கும் சில மில்லி விநாடிகள் கொடுத்து, நிறுத்தி, அடுத்ததை ஏற்றுகிறது இயங்குதளம். லினக்ஸ் போன்றவற்றில் ஒவ்வொரு கோருக்கும் தனி வரிசை உண்டு. ஒன்று சும்மா இருந்து மற்றொன்று திணறினால், அங்கிருந்து சில இழைகளை இங்கே மாற்றிவிடும்.

இந்தப் பங்கீட்டுக்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் ஓர் ஒல்லாந்தர். ஒல்லாந்தர் என்றால் நமக்கு மட்டக்களப்புக் கோட்டைதான் நினைவுக்கு வரும். இவர் வேறு வகை.

எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1930 மே 11 அன்று ரொட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை இரசாயனவியலாளர், தாய் கணிதம் படித்தவர். பத்தாவது பிறந்தநாள் கழிந்து மூன்றாம் நாள், 1940 மே 14 அன்று, ஜேர்மன் விமானங்கள் ரொட்டர்டாமின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. ஏறத்தாழ 80,000 பேர் வீடிழந்தார்கள். 1944 - 45 குளிர்காலத்தில் மேற்கு நெதர்லாந்தில் உணவு அற்றுப்போய் ஆயிரக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையைப் பெற்றோர் நாட்டுப்புறத்துக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே சோறாவது கிடைக்கும் என்பதுதான் காரணம். அப்படி அனுப்பப்பட்ட பிள்ளைகள் நமது ஊர்களிலும் இருக்கிறார்கள். இதை வாசிப்பவர்களிலும் இருக்கலாம்.

சட்டம் படித்து ஐக்கிய நாடுகள் சபையில் தன் நாட்டுக்காகப் பேச வேண்டும் என்பதுதான் அந்தப் பையனின் முதல் ஆசை. விஞ்ஞானப் பாடங்களில் வாங்கிய புள்ளிகள் அவரை லைடன் பல்கலைக்கழகத்துக்குப் பௌதிகம் படிக்க இழுத்துச் சென்றன. 1952இல் அம்ஸ்டர்டாம் கணித மையத்தில் நிரல் எழுதும் வேலை கிடைத்தது. 1957இல் திருமணப் பதிவுக்குப் போனபோது, நிரலாளர் என்றொரு தொழிலே இல்லையென்று பதிவாளர்கள் மறுத்துவிட்டதால், பௌதிகவியலாளர் என்றே எழுத நேர்ந்தது.

அந்தக் காலக் கணினி, அச்சுப்பொறி ஒரு வரியை அடித்து முடிக்கும்வரை சும்மா காத்திருக்கும். எக்ஸ்-1 என்ற புதிய கணினியில், அச்சுப்பொறி தன் வேலை முடிந்ததும் இடைமறித்துச் சொல்லட்டும், அதுவரை கணினி வேறு வேலை பார்க்கட்டும் என்று பொறியியலாளர்கள் முன்வைத்தார்கள். டைக்ஸ்ட்ரா தயங்கினார். எந்த நொடியில் இடைமறிப்பு வருமென்று தெரியாது. பிழை நேர்ந்தால் அதே பிழையை மறுபடி வரவழைத்துப் பார்க்கவும் முடியாது. பிறகு அந்தச் சிக்கலையே ஆராய்ந்து தீர்த்து, 1959இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவர் பயந்தது எதற்கு? ஒரு வங்கிக் கணக்கில் 5,000 ரூபாய் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இழை அதை வாசித்து 1,000 கூட்டுகிறது. அது எழுதி முடிக்குமுன் இன்னோர் இழையும் 5,000 என்றே வாசித்து 2,000 கூட்டுகிறது. முதலாவது 6,000 என்று எழுத, அதன்மேல் இரண்டாவது 7,000 என்று எழுதிவிடும். இருக்க வேண்டியது 8,000. ஆயிரம் ரூபாய் காணாமல் போயிற்று, திருடியவர் யாருமில்லை.

இதற்கு அவர் கண்ட வழி ரயில் பாதையிலிருந்து வந்தது. மட்டக்களப்பு ரயிலில் போனவர்களுக்குக் கைகாட்டி மரத்தைத் தெரியும். ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் நுழைந்தால் கை கிடையாக மறிக்கும், அடுத்த ரயில் நிற்கும். டைக்ஸ்ட்ராவின் கைகாட்டி வெறும் ஓர் எண். உள்ளே போகும் இழை அதைக் குறைக்கும், வெளியே வரும்போது கூட்டும். குறைக்க இடமில்லையென்றால் இழை வரிசையில் தூங்கும். வெளியேறுபவர் ஒருவரை எழுப்பிவிடுவார். 1960களின் முற்பாதியில் வந்த இந்த யோசனை இன்றும் பெரும்பாலான இயங்குதளங்களில் இருக்கிறது.

1962இல் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். அங்கே ஆறு பேரளவிலான குழு, பாதி நேர வேலையாக, ஓர் இயங்குதளத்தைக் கட்டியது. மாடி வீடு போல அடுக்கடுக்கானது. கணினியின் மூளையை யாருக்கு எப்போது கொடுப்பது என்பதை அடித்தட்டே பார்த்துக்கொள்ளும். மேல்தட்டில் இருப்பவருக்கு மூளை ஒன்றா பத்தா என்று தெரிய வேண்டியதே இல்லை. 1968இல் வெளியான இந்த விவரணத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஒரே செயலி நாலு கோர் போனிலும் எட்டு கோர் போனிலும் மாற்றமின்றி ஓடுவது இந்தப் பிரிவினையால்தான். (நான் படித்தது ஊடகக் கற்கை. கணினி படித்தவர்கள் இன்னும் நுட்பமாகச் சொல்வார்கள்.)

மாணவர்களுக்கு 1965இல் அவர் கொடுத்த ஒரு பரீட்சைக் கேள்வி பின்னர் ஒரு கதை வடிவில் உலகப் புகழ் பெற்றது. வட்ட மேசையில் ஐந்து ஞானிகள், ஐந்து முள்கரண்டிகள். சாப்பிட ஒருவருக்கு இரண்டு வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் இடப்பக்கத்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்துக்குக் காத்திருந்தால் ஐந்து பேரும் அப்படியே உறைந்துவிடுவார்கள். சஹனில் கைபோட்டுச் சாப்பிடும் நமக்கு இந்தச் சிக்கல் விளங்கக் கொஞ்சம் நேரமாகும்.

இன்னொரு நிலைமையும் உண்டு. மற்றவர்கள் மாறி மாறிச் சாப்பிட, ஒருவருக்கு மட்டும் முறை வராமலே போவது. இத்துறையில் அதற்குப் பட்டினி என்றே பெயர். டைக்ஸ்ட்ராவின் சிறுவயதுப் பட்டினிக்கும் இதற்கும் முடிச்சுப்போட நான் விரும்பவில்லை. ஆனால் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றவர்களுக்கும், பதிவில் பெயரில்லாமல் வரிசைக்கே வர முடியாதவர்களுக்கும் இந்தச் சொல்லின் பொருளை யாரும் விளக்கத் தேவையில்லை. வரிசை நகர்கிறது என்பதால் மட்டும் பங்கீடு நியாயமாகிவிடாது.

முறை பிசகினால் நடப்பதை 1997இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் காட்டியது. அவசரமில்லாத ஒரு வேலை பொதுப் பூட்டொன்றைக் கையில் வைத்திருந்தது. மிக அவசரமான வேலை அதற்காகக் காத்திருந்தது. நடுத்தர வேலைகள் இடையில் புகுந்து, பூட்டை வைத்திருந்ததை முடிக்கவிடாமல் தடுத்தன. கலம் திரும்பத் திரும்பத் தன்னைத்தானே மீளத் தொடக்கிக்கொண்டது. பூட்டு வைத்திருப்பவருக்கு, காத்திருப்பவரின் அவசரத்தையே தற்காலிகமாகக் கொடுக்கும் விதியைப் பூமியிலிருந்து இயக்கிவிட்ட பிறகே அது சீரானது.

டைக்ஸ்ட்ரா எளிதில் பழகக்கூடிய ஆள் அல்ல. சக ஆய்வாளர்களைக் கடுமையாக விமர்சித்தார். சிலர் அவரை ஆணவக்காரர் என்றே எண்ணினார்கள். கணினித் துறையின் உயர்ந்த பரிசான டூரிங் விருதை 1972இல் பெற்ற அவர், நெடுங்காலம் சொந்தமாகக் கணினி வைத்திருக்கவில்லை. 1,300க்கும் மேற்பட்ட கட்டுரைகளில் பெரும்பாலானவற்றை மைப்பேனாவால் எழுதி, பிரதியெடுத்து நண்பர்களுக்கு அனுப்பினார். 1984இல் அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்குப் போய் 1999வரை கற்பித்தார். புற்றுநோயுடன் நாடு திரும்பி, 2002 ஓகஸ்ட் 6 அன்று நியூனன் என்ற சிற்றூரில் காலமானார். வயது 72.

மூன்று ஆண்டுகள் கழித்து, 2005இல், இரட்டைக் கோர் கணினிகள் சாதாரண வீடுகளுக்கு வந்தன. ஒற்றை மூளையில் ஆண்டுக்கணக்கில் ஒழுங்காக ஓடிய பல நிரல்களில் மறைந்திருந்த பிழைகள் அதன் பிறகே வெளியே தெரிந்தன.