குர்கன் நகரத்து ஃபிட்டர்!

டாக்டருக்குப் படிக்க மார்க் பத்தாமல் மெக்கானிக்கலில் சேர்ந்தவன் நான். வீட்டில் அந்த வருத்தம் இன்னும் தீரலை. ஒர்க்‌ஷாப்பில் அரத்தோடு மல்லுக்கட்டும் நண்பர்களே, உங்களுக்கும் அந்தக் குறை உண்டா? அப்படியானால் கவ்ரீல் இலிசரோவின் கதையைக் கேளுங்கள்.

1921-ல் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 1944-ல் மருத்துவப் படிப்பை முடித்ததும் சைபீரியாவில் டோல்கோவ்கா என்ற குக்கிராமத்தில் வேலை. போர்க்காலம். எலும்பு நொறுங்கி வந்தவர்களுக்கு உள்ளே வைத்து முடுக்க நல்ல பிளேட்டு, ஸ்க்ரூ கிடைப்பது அரிது. மாவுக்கட்டுதான் கதி. அதற்குள்ளே துண்டுகள் நகரும், சேராது. சீழ் பிடித்தால் காலையே எடுக்க வேண்டிவரும்.

1950-களின் தொடக்கத்தில், குர்கன் நகரில், அவர் ஒரு வழி கண்டார். காலைச் சுற்றி உலோக வளையங்கள். மெல்லிய கம்பிகளை எலும்பின் குறுக்கே செலுத்தி, வளையத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டினார். மரை போட்ட தண்டுகளும் நட்டுகளும் வளையங்களை இணைத்தன. சைக்கிள் சக்கரம் ஞாபகம் வருதா? தனிக் கம்பி வளையும். இழுத்துக் கட்டினால் ஆளையே தாங்கும். முதலில் சைக்கிள் சாமான்களை வைத்தே செய்து பார்த்தாராம்! எலும்பு அசையாமல் நின்றது, நோயாளி காலை ஊன்றி நடந்தார்.

அதைவிட அதிசயம் ஒன்று உண்டு. ஒரு நோயாளி நட்டை எதிர்ப்பக்கமாகத் திருகிவிட, விலகிய இடைவெளியில் புது எலும்பு வளர்ந்திருந்ததாம். கதை எப்படியோ, இலிசரோவ் ஆராய்ந்து கண்ட கணக்கு இதுதான்: நாளைக்கு 1 மி.மீ., நாலு தவணையாக. பிட்ச் 1 மி.மீ. உள்ள மரையில் கால் சுற்று 0.25 மி.மீ. நம்ம ஸ்க்ரூ கேஜ் பாடமேதான்!

சுகமான வைத்தியம் என்று சொல்ல மாட்டேன். மாதக்கணக்கில் வளையத்தோடு வாழணும். கம்பி நுழையும் இடத்தில் சீழ் வைக்காமல் தினமும் பார்த்துக்கொள்ளணும்.

மாஸ்கோவின் பெரிய டாக்டர்கள் அவரை ஃபிட்டர் என்று கேலி செய்ததாகச் சொல்வார்கள். 1964 ஒலிம்பிக்கில் உயரம் தாண்டித் தங்கம் வென்ற வலேரி புரூமெல், 1965-ல் மோட்டார் சைக்கிள் விபத்தில் காலை நொறுக்கிக்கொண்டார். பல ஆபரேஷன் செய்தும் எலும்பு சேரலை. 1968-ல் இலிசரோவிடம் வந்தார். பிறகு மறுபடியும் தாண்டினார்! கேலி அடங்கியது. 1981-ல் இத்தாலியில் இலிசரோவ் பேசியபின் மேற்கு நாடுகளும் அந்த முறையைக் கற்றன. 1992-ல் அவர் மறைந்தார்.

விலையுயர்ந்த பிளேட்டு கிடைக்காத ஆஸ்பத்திரிகளில் அந்த வளையம் இன்றும் கால்களைக் காக்கிறது. மரை வெட்டும்போது கால் மில்லிமீட்டர்தானே என்று விட்டுடாதீங்க, நண்பர்களே. அந்தக் கால் மில்லிமீட்டரில் ஒருவர் எழுந்து நடக்கிறார்!