நிறங்களைக் காணக் கற்பித்த ஜோசெப் அல்பர்ஸ்

சித்திரம் பயிலப் புகும் மாணவனுக்கு முதலில் நிறச்சக்கரத்தைக் காட்டுவதே பெரும்பாலும் வழக்கம். அவ்வழக்கத்தைத் தலைகீழாக்கிய ஆசான் ஜோசெப் அல்பர்ஸின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

1888 ஆம் ஆண்டு ஜேர்மனியின் பொட்ரொப் நகரிற் பிறந்த இவர், ஆரம்பப் பாடசாலை ஆசிரியராயிருந்தவர். 1920 இல், முப்பத்திரண்டாம் வயதில், வைமார் நகரின் பௌஹவுஸ் கலைக்கூடத்தில் மீண்டும் மாணவராய்ச் சேர்ந்தார். 1923 முதல் அங்கேயே கற்பித்தார். 1933 இல் ஹிட்லர் ஆட்சியின் நெருக்குதலால் அக்கூடம் மூடப்பட்டது. யூதக் குடும்பத்திற் பிறந்த மனைவி ஆனியுடன் அவ்வாண்டே அமெரிக்காவின் பிளாக் மவுண்டன் கல்லூரியை அடைந்தார். ஆங்கிலம் அவருக்குச் சிறிதே தெரியும். சொல் துணை செய்யாத இடத்திற் கண்ணைத் துணைக்கொண்டார் என எண்ணுகின்றோம்.

வர்ணம் குழைத்தால் நேரம் வீணாகும். அதே நிறத்தை மறுமுறை பிசகாமற் பெறுதலும் அரிது. ஆகவே தூரிகையை விலக்கி, நிறக் கடதாசித் துண்டுகளையும் உதிர்ந்த இலைகளையும் பயன்படுத்தச் செய்தார். ஒரே சாம்பல் நிறத் துண்டு கரிய தாளின்மேல் வெளிறியும் வெள்ளைத் தாளின்மேல் இருண்டும் தோன்றும். இவ்வாறு ஒரு நிறத்தை இரண்டாகக் காட்டுதல் முதற் பயிற்சி. இரு நிறங்களை ஒன்றெனக் காட்டுதல் அடுத்தது. பின்னையது எளிதன்று, ஐயமுறும் மாணவர் செய்து பார்ப்பாராக. அயல் நிறமே ஒரு நிறத்தின் தோற்றத்தை மாற்றுகின்றது என்பதைக் கண்ணாரக் கண்ட பின்னரே கொள்கை கற்பிக்கப்பட்டது.

1950 இல் யேல் பல்கலைக்கழகம் சென்று, 1958 இல் ஓய்வுபெற்றார். இப்பயிற்சிகள் 1963 இல் நூலாயின. சதுரத்துள் சதுரம் அமைத்து நிறங்களை மட்டும் மாற்றி ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓவியங்கள் தீட்டினார். 1950 இல் தொடங்கிய அத்தொடர் 1976 இல் அவர் மறையும்வரை நீண்டது.