எம்டன் தலைவர் முல்லர்

வல்லவனொருவனை எம்டன் என்று சொல்லும் வழக்கினை மாணவர் அறிவர். அஃது ஒரு போர்க்கப்பலின் பெயர் என்பதையும், அதன் தலைவர் போரிலும் அறம் பேணினார் என்பதையும் அறிந்தோர் சிலரே. அன்னார் வரலாற்றை ஈண்டுச் சுருக்கிக் கூறுகின்றோம்.

கார்ல் வொன் முல்லர் ஜேர்மனியின் ஹனோவர் நகரில் 1873ஆம் ஆண்டு பிறந்தார். கடற்படையிற் சேர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1913இல் எம்டனின் தலைவரானார். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்குமிடையே கப்பற்போக்குவரவு தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே முதலாம் உலகப்போரும் மூண்டது. முல்லர் வங்கக் கடலுட் புகுந்து, செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தாங்கிகளைச் சுட்டெரித்தார். காவலற்ற பட்டினத்தைக் கடலிலிருந்து சுடுதலை 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை விலக்கியது. பகைவர் படைக்குதவும் பண்டசாலைகளைத் தாக்க இடந்தந்தது. முல்லர் தாங்கிகளை இலக்காகக் கொண்டு, விரைவில் அகன்றார். எனினும் அவ்விரவிற் சிலர் மாண்டனர். விதி போரின் கொடுமையைக் குறைக்குமேயன்றி நீக்காது.

ஆழங்குறைந்த நமது மன்னார்க் கடல் அத்தகைய கப்பலுக்கு வழிவிடாது. ஆதலின் இலங்கையைச் சுற்றிச் சென்று, மேற்கே கொழும்புக் கடல்வழியில் வணிகக் கப்பல்களைப் பிடித்தார். கப்பலைத் தாழ்க்குமுன் அதிலுள்ளாரை வேறொரு கப்பலிலேற்றித் துறைமுகத்திற்கு அனுப்புதல் அவர் வழக்கம். அக்டோபர் 28இல் பினாங்கிற் புகுந்தபோது பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்திப் பகைவரை மயக்கினார். ஆயினும் தம் கொடியை உயர்த்திய பின்னரே சுட்டார். போர்த்தந்திரம் விதிக்கு உடன்பாடு. பொய்க்கொடியின்கீழ்ச் சுடுதல் உடன்பாடன்று. அன்று தாம் மூழ்கடித்த பிரெஞ்சுக் கப்பலின் வீரர் 36 பேரைக் கடலினின்றும் மீட்டார்.

நவம்பர் 9இல் கொக்கோசுத் தீவருகே அவுஸ்திரேலியக் கப்பலான சிட்னியோடு பொருது எம்டன் அழிந்தது. முல்லர் மால்ற்றாவிலும் இங்கிலாந்திலும் சிறையிருந்து, 1923இல் காலமானார். மாண்ட தோழரின் இரத்தத்தாற் பொருளீட்ட மனமின்றித் தம் வரலாற்றை நூலாக எழுத மறுத்தார் என்பர்.

அவர் நாட்டு நீர்மூழ்கிகளோ 1915 முதல் வணிகக் கப்பல்களை முன்னறிவிப்பின்றித் தாழ்த்தன. இன்று ஏவுகணையும் ஆளில்லா வானூர்தியும் இயக்குவோர் தாம் கொல்வாரை நேரிற் காண்பதில்லை. குடிமக்களைக் காக்கும் 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகளில் நம்நாடு 1959இல் இணைந்தது. ஆயினும் 1999 நவம்பரில் மடுத் தேவாலயத்திலே தஞ்சமடைந்தோர்மீது எறிகணை வீழ்ந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டதை இம்மாவட்டத்தார் மறவார். விதி ஏட்டிலிருந்தது, ஏவியோர் நெஞ்சில் இருந்திலது.

கருவி எதுவாயினும் இலக்கைத் தெரிபவன் மனிதனே. ஏவுமுன் அங்கு யாருளர் என வினவுங் கடன் அவனைவிட்டு அகலாது. எம்டன் என்னுஞ் சொல்லைக் கேட்குந்தோறும் வல்லமையோடு இவ்வினாவும் நம் மாணவர் நெஞ்சில் எழுவதாக.